பேட்டரி அலாரம் மின்னும் பழைய ஃபேனக் 0-எம்: செல்லை நானே மாற்றலாமா, கன்ட்ரோலையே மாற்றணுமா?

கணபதி_ஜாப்ஒர்க்:

எல்லோருக்கும் வணக்கம். கோவை கணபதியில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு பேரிங் ஹவுசிங், ஃபிளேஞ்ச், பிராக்கெட் மாதிரி வார்ப்பு அயிட்டங்கள்தான் பெரும்பாலும். இரண்டு விஎம்சி, அதாவது கம்ப்யூட்டர் கன்ட்ரோலில் ஓடும் மில்லிங் மெஷின், இருக்கிறது. ஒன்று புதுசு, இன்னும் டியூ ஓடுகிறது. இன்னொன்று அப்பா காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய தைவான் மெஷின். 1993 மாடல், அதை ஓட்டும் கம்ப்யூட்டர் ஜப்பான் ஃபேனக் கம்பெனியின் 0-எம் கன்ட்ரோல், ஒன்பது இஞ்ச் டியூப் திரை. கனமான கட் எடுக்க வேண்டும் என்றால் நான் பழசில்தான் ஜாபை ஏற்றுவேன். பாக்ஸ் வே, அதிர்வே கிடையாது. போரிங் இன்னமும் 20 மைக்ரானுக்குள் நிற்கிறது.

போன வாரத்திலிருந்து திரையின் அடியில் 'பேட்' என்று மின்னுகிறது. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். பேனல் கதவைக்கூடத் திறக்காமல், "இது காலாவதியான கன்ட்ரோல், ஸ்பேர் வராது, புதுசு போட்டுக்கலாம்" என்றார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய மெஷினே வாங்கிவிடலாம்.

இன்னொரு தலைவலியும் இருக்கிறது. ப்ரோக்ராம் எல்லாம் பக்கத்து ரூமில் இருக்கும் பழைய டாஸ் கம்ப்யூட்டரிலிருந்து சீரியல் கேபிளில்தான் போகிறது. மோல்டு வேலை வந்தால் ட்ரிப் ஃபீடும் (பெரிய ப்ரோக்ராமைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே ஓட்டுவது) அதிலேயேதான். அந்தக் கம்ப்யூட்டர் காலையில் ஆன் ஆவதே அதன் இஷ்டத்துக்கு.

செல்லை நானே மாற்றினால் ஏதாவது அழிந்துபோகுமா? முதலில் எதைக் காப்பி எடுத்து வைக்கணும்? அந்த டாஸ் கம்ப்யூட்டருக்கு என்ன வழி? இதையெல்லாம் செய்து இந்த மெஷினை இன்னும் பத்து வருஷம் ஓட்டுவது புத்திசாலித்தனமா என்றும் சொல்லுங்கள்.

ஸ்க்ராப்_ராஜா:

30 வருஷம் தாண்டிய மெஷின் சார். எடைக்குப் போட்டாலே நல்ல காசு. செல்தானே, மெயினை ஆஃப் பண்ணிட்டு மாத்துங்க, சேஃப்டி முக்கியம்.

ஓய்வுபெற்ற_சர்வீஸ்காரன்:

தம்பி, மேலே ராஜா சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு செல்லைக் கழற்றினால் அப்புறம் அவர் சொன்ன மாதிரி எடைக்குத்தான் போட வேண்டியிருக்கும்.

விஷயம் இதுதான். பேராமீட்டர் (மெஷினின் செட்டிங் எண்கள்), ப்ரோக்ராம், டூல் ஆஃப்செட் எல்லாம் எஸ்ரேம் சிப்பில், அதாவது கரன்ட் இல்லாவிட்டால் அழிந்துபோகும் மெமரியில், இருக்கிறது. மெஷின் ஆனில் இருக்கும்வரை கன்ட்ரோலே அந்தச் சிப்புக்குக் கரன்ட் கொடுக்கும். ஆஃப் ஆனதும் அந்த வேலையைச் செய்வது பேனலில் இருக்கும் பேட்டரி பெட்டி. அதற்குள் மூன்று டி சைஸ் செல், அதாவது பெரிய டார்ச் லைட்டில் போடுவோமே அதே குண்டு செல், மொத்தம் 4.5 வோல்ட். ஆகவே செல் தேய்வது மெஷின் ஓடும்போது இல்லை, சும்மா கிடக்கும்போதுதான். என் சர்வீஸ் காலத்தில் பொங்கல் லீவு முடிந்து பட்டறை திறக்கும் நாளில் போன் ஓயவே ஓயாது. லீவுக்கு முன்னால் 'பேட்' மின்னியிருக்கும், 'லீவு முடிந்து பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பார்கள். நாலைந்து நாள் மெஷின் ஆஃபில் கிடந்ததும் எல்லாம் சுத்தமாகத் துடைத்துப் போயிருக்கும். 2012-ல் நம்ம ஊரில் பாதி நாள் கரன்டே இல்லாமல் கிடந்தோமே, அந்த வருஷம் செல் மாற்றிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

ஆனால் செல்லில் கை வைக்கும் முன்னால் காப்பி. இதில் குறுக்கு வழி கிடையாது.

முதலில் உங்கள் செல்போன். பேராமீட்டர் திரையை ஒன்றாம் பக்கத்திலிருந்து கடைசிவரை போட்டோ எடுங்கள். டியூப் திரையில் கறுப்புப் பட்டை ஓடி எண் மறையும், அதனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று படமாக எடுத்து, பெரிதாக்கிப் படிக்க முடிகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 900-லிருந்து வரும் எண்கள்தான் உயிர்நாடி. உங்கள் மெஷினுக்கு எந்தெந்த ஆப்ஷனைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது அதில்தான் பதிவாகியிருக்கிறது. அவற்றை மட்டும் பேனாவால் ஒரு தாளிலும் எழுதிவிடுங்கள். 1000-க்கு மேலே பிட்ச் எரர் காம்பன்சேஷன், அதாவது ஸ்க்ரூவின் சின்னச் சின்னத் தவறுகளைச் சரிக்கட்டும் எண்கள், இருக்கும், அதையும் விடாதீர்கள். டயக்னாஸ்டிக் பக்கங்களில் டைமர், கீப் ரிலே எண்கள் இருக்கின்றன, அவையும் வேண்டும். "பக்கத்துப் பட்டறையில் இதே மாடல் இருக்கிறது, அங்கிருந்து எடுத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். பேக்லாஷ், கிரிட் ஷிஃப்ட், பிட்ச் எரர் எல்லாம் மெஷினுக்கு மெஷின் மாறும். அடுத்தவர் எண்ணைப் போட்டால் டூல் சேஞ்ச் பொசிஷனே தள்ளிப்போய் ஆர்ம் போய் ஸ்பின்டிலில் இடிக்கும்.

அடுத்தது சீரியல் போர்ட். பெரும்பாலும் 4800 பாட், 7 பிட், ஈவன் பேரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்றுதான் இருக்கும். உங்கள் டாஸ் சாஃப்ட்வேரின் செட்டிங்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லேப்டாப்பில் ரிசீவ் போட்டுவிட்டு, அப்புறம் மெஷினில் எடிட் மோடில் பேராமீட்டர் திரைக்குப் போய் அவுட்புட் கொடுங்கள். வந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். சதவீதக் குறியில் ஆரம்பித்து சதவீதக் குறியில் முடியணும், நடுவில் குப்பை எழுத்து இருக்கக் கூடாது.

கேபிள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மெஷின் பக்கத்து 25 பின் சாக்கெட்டில் 25-ஆவது பின்னில் 24 வோல்ட் வருகிறது. அந்தக் காலத்தில் டேப் ரீடர் மாதிரி வெளிச் சாமான்களுக்குக் கொடுக்க வைத்தது. ஆகவே ரிட்சி தெருவில் கிடைக்கும், 25 ஒயரும் நேராகப் போகும் ரெடிமேட் கேபிளை மாட்டவே மாட்டாதீர்கள். மூன்றே ஒயர் போதும். லேப்டாப்பின் 9 பின் பக்கம் 2, 3, 5. மெஷின் பக்கம் அதே வரிசையில் 2, 3, 7. மெஷின் பக்கம் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்துவிடுங்கள்; 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது, மாட்டும்போது லேப்டாப் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு பேட்டரியிலேயே ஓட்டுங்கள். எர்த் சரியில்லாத பட்டறையில் சார்ஜர் வழியாக வரும் வித்தியாசம் நேராக மெஷின் போர்டில் இருக்கும் சீரியல் சிப்பில்தான் இறங்கும். அந்தச் சிப் போனால் போர்டைக் கழற்றாமல் வேலை நடக்காது.

இப்போது செல். கரன்ட் போகாத நேரமாகப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இல்லையே என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் ஆனில் இருக்கட்டும், எமர்ஜென்சியை அழுத்தி வையுங்கள். பெட்டி மூடியைத் திறந்து, பழைய மூன்றையும் எடுத்து, முனைகளில் பச்சை பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, பிளஸ் மைனஸ் பார்த்துப் புதுசைப் போடுங்கள். ஆல்கலைன் செல் மட்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா செல் ஆறே மாதத்தில் ஒழுகும். ரீசார்ஜ் செல்லும் வேண்டாம், வோல்டேஜ் கம்மி. மாற்றியதும் 'பேட்' மறையணும். மறைந்தபிறகுதான் மெஷினை ஆஃப் செய்யலாம்.

காலையில் ஆன் செய்ததும் மூன்று ஆக்சிஸுக்கும் ஜீரோ ரிட்டர்ன் கொடுக்கிறீர்கள்தானே? அப்படியானால் இந்த ஒரு பெட்டிதான். கொடுக்காமலே ஓடுகிறது என்றால் அப்சல்யூட் என்கோடருக்கு (ஆக்சிஸ் நிற்கும் இடத்தை நினைவில் வைக்கும் சென்சார்) நான்கு செல் போட்ட இன்னொரு பெட்டி இருக்கும், அதையும் தேடுங்கள்.

ஒரு விஷயம், ஆபரேட்டர் பையன்களிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள். பவர் போடும்போது ரீசெட், டெலிட் இரண்டு பட்டன் மேலும் கை இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் கன்ட்ரோல் மெமரி மொத்தமும் காலி. யூடியூபில் பார்த்துவிட்டு 'ரீசெட் பண்ணிப் பார்க்கலாம்ணா' என்று இறங்குகிறவன் எல்லாப் பட்டறையிலும் ஒருவன் இருப்பான்.

இன்னும் பத்து வருஷம் ஓட்டுவது பற்றி அப்புறம் எழுதுகிறேன், முதலில் இதைச் செய்யுங்கள். போவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். உங்கள் பேனல் கதவு மூடியிருக்கிறதா, திறந்துவைத்து டேபிள் ஃபேன் ஓட்டுகிறீர்களா?

கணபதி_ஜாப்ஒர்க்:

அய்யா, ரொம்ப நன்றிங்க. ஃபேன்தான் ஓடுகிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஓய்வுபெற்ற_சர்வீஸ்காரன்:

எந்தப் பட்டறையில் ஓடவில்லை! கதவை மூடுங்கள் தம்பி. நீங்கள் வெட்டுவது வார்ப்பிரும்பு. அதன் கறுப்புத் தூள் மாவு மாதிரி பறந்து போர்டில் போய் உட்காரும், அது கரன்டைக் கடத்தும். வெயில் காலத்தில் ஒன்றும் ஆகாது. ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறியதும் காரணமே தெரியாமல் சர்வோ அலாரம் வரும், மத்தியானம் தானாகச் சரியாகிவிடும். இரண்டு மூன்று வருஷம் இப்படியே போக்குக் காட்டிவிட்டு ஒருநாள் டிரைவ் வெடிக்கும். பேனலில் ஏற்கெனவே இருக்கும் சின்ன ஃபேன்கள் சுற்றுகின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலும் ஒன்றாவது செத்திருக்கும். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஃபில்டரும் மாற்றுங்கள். உள்ளே படிந்ததை ஏர் கன்னால் ஊதாதீர்கள், அது தூளை கனெக்டருக்குள் தள்ளிவிடும். வேக்யூமும் பெயின்ட் பிரஷும் போதும்.

ஈரோடு_மண்டி_கணக்கு:

மெஷின் பற்றி எனக்குத் தெரியாது, டாஸ் கம்ப்யூட்டர் பற்றிச் சொல்ல வந்தேன். எங்கள் மஞ்சள் மண்டிக் கணக்கு இன்றைக்கும் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற பழைய டாஸ் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. மூட்டைக் கழிவு, கமிஷன், ஏற்றுக்கூலி, தரகு எல்லாம் எங்கள் மண்டி வழக்கப்படி எழுதியது. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. போகும்போது பிஆர்ஜி ஃபைல்களை (திருத்தக்கூடிய மூலக் கோடு) எல்லாம் ஒரு டப்பா ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார், அதனால் பிழைத்தோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நானே திறந்து பில் ஃபார்மேட்டைத் திருத்தினேன். வெறும் இஎக்ஸ்இ மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே மூடியிருக்கணும்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய முதல் வேலை, ஹார்ட் டிஸ்கை முழுசாக இமேஜ் எடுப்பது. பவர் சப்ளையைச் சரிபண்ணும் முன்பே அதைச் செய்யுங்கள். டிஸ்கைக் கழற்றி, ஐடிஇ-யிலிருந்து யுஎஸ்பி-க்கு மாற்றும் அடாப்டரில் மாட்டினால் வேறு கம்ப்யூட்டரில் எடுத்துக்கலாம். அப்புறம் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டணும் என்றால், டிஸ்குக்குப் பதில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போடும் அடாப்டர் வருகிறது. டாஸுக்கு அது டிஸ்க் மாதிரியேதான் தெரியும். சத்தமும் இல்லை, சூடும் இல்லை.

புது கம்ப்யூட்டரில் டாஸ் சாஃப்ட்வேர் நேராக ஓடாது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் ப்ரோக்ராமைத் தொடவே தொடாது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே இல்லை, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரோடு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிந்துவிட்டது. நாங்கள் டாஸ்பாக்ஸ் என்ற, பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் சாஃப்ட்வேர் வழியாக ஓட்டுகிறோம். புது மெஷின் வேகத்துக்கு ஃபாக்ஸ்ப்ரோ திறக்கும்போதே 'டிவைட் பை ஜீரோ' என்று விழும், அதற்குத் தனியாகப் பேட்ச் போடணும். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து வைத்தாலும் சரியாகிவிடும்.

ராஜா அண்ணா, வருஷக் கணக்கைப் பார்த்து எடைக்குப் போடுவதாக இருந்தால் வாயேஜர் 1 விண்கலத்தை எப்போதோ போட்டிருக்கணும். 1977-ல் ஏவினார்கள். 2023 நவம்பரில் ஒரு மெமரி சிப் கெட்டு புரியாத டேட்டாவாக அனுப்ப ஆரம்பித்தது. அந்தச் சிப்பில் இருந்த கோடை வேறு இடங்களுக்குப் பிரித்து மாற்றி 2024 ஏப்ரலில் பேச வைத்துவிட்டார்கள். ஒரு கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல்.

ஓய்வுபெற்ற_சர்வீஸ்காரன்:

அங்கே வார்ப்பிரும்புத் தூளும் கிடையாது, ஈபி-யும் கிடையாதும்மா. ஆனால் நீங்கள் சொன்னது சரி. டாஸ்பாக்ஸில் நிஜ சீரியல் போர்டைக் கொடுக்கும் வசதி இருக்கிறது, சின்ன ப்ரோக்ராமுக்குப் பரவாயில்லை. ட்ரிப் ஃபீடுக்கு நான் நம்ப மாட்டேன். மெஷின் 'நிறுத்து' என்று எக்ஸ்ஆஃப் அனுப்பியதும் உடனே நிற்கணும். நாலு எழுத்து பிந்தி நின்றால் பஃபர் நிரம்பி அலாரம் வரும், மோல்டு பாதியில் நின்று கட்டர் தடம் விழும். லேப்டாப்பில் நேரடியாக ஓடும், மெஷினுக்கு ப்ரோக்ராம் அனுப்பும் டிஎன்சி சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது, அதைப் போடுங்கள். யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் மட்டும் நல்லதாக வாங்குங்கள். போலிச் சிப் வைத்தது சந்தை முழுக்க இருக்கிறது, ஒரு டிரைவர் அப்டேட் வந்தால் அன்றோடு வேலை செய்யாது.

திருப்பூர்_எம்ப்ராய்டரி:

டப்பா ஃபிளாப்பி என்றதும் வந்தேன். எங்களிடம் ஃபிளாப்பி போட்டால்தான் டிசைன் ஏறும் எம்ப்ராய்டரி மெஷின்கள் இருக்கின்றன. சோனி 2011-லேயே ஃபிளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது, இப்போது கிடைப்பதெல்லாம் பழைய சரக்கு, ஓடும்போதே பூஞ்சை உதிர்கிறது. நாங்கள் எல்லாவற்றிலும் கோடெக் என்ற ஃபிளாப்பி எமுலேட்டர் மாட்டிவிட்டோம். ஃபிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும், பென் டிரைவ் சொருகலாம். வாங்கும்போது மெஷின் 720 கேபி கேட்கிறதா 1.44 எம்பி கேட்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டியதும் லைட் அணையாமலே எரிந்தால் பட்டைக் கேபிள் தலைகீழ். பயப்பட வேண்டாம், திருப்பி மாட்டினால் போதும்.

கணபதி_ஜாப்ஒர்க்:

அய்யா சொன்னபடியே செய்தேன். போட்டோ எடுத்து, 900 எண்களைத் தாளில் எழுதி, ஃபைலும் வாங்கினேன். 'பேட்' போய்விட்டது. ஃபேன் ஒன்று செத்துத்தான் கிடந்தது, மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம், ஃபைலில் 900 வரிசை வரிகளைக் காணோம். கேபிள் கோளாறா? அப்புறம், மெமரி 80 மீட்டர் என்று அப்பாவின் பழைய நோட்டில் இருக்கிறது. மீட்டர் எதற்கு?

ஓய்வுபெற்ற_சர்வீஸ்காரன்:

கேபிள் கோளாறு இல்லை. சாதாரண அவுட்புட்டில் 900 பல கன்ட்ரோல்களில் வெளியே வராது. அதற்காகத்தான் தாளில் எழுதச் சொன்னேன். அந்தத் தாளை லேமினேட் செய்து பீரோவில் வையுங்கள். பேனல் கதவில் ஒட்டாதீர்கள், எண்ணெய்ப் புகையில் ஊறிவிடும்.

80 மீட்டர் என்பது பேப்பர் டேப் கணக்கு. ஓட்டை போட்ட டேப்பில் ப்ரோக்ராம் ஏற்றிய காலத்தில் எத்தனை மீட்டர் டேப் உள்ளே போகும் என்று மெமரியைச் சொன்னார்கள். 80 மீட்டர் என்றால் 32 கேபி. உங்கள் மோல்டு ப்ரோக்ராம் அதில் அடங்காததால்தான் ட்ரிப் ஃபீட்.

பத்து வருஷக் கேள்விக்கு வருகிறேன். 'காலாவதி' என்று அந்த ஆள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் பழைய கன்ட்ரோல்களையும் வாடிக்கையாளர் ஓட்டும்வரை பராமரிப்போம் என்பதுதான் ஃபேனக் வெளிப்படையாக அறிவித்த கொள்கை. பெங்களூரில் அவர்கள் ஆபீஸ் இருக்கிறது, உங்கள் போர்டு நம்பரைச் சொல்லி விலை கேளுங்கள். உள்ளூரில் போர்டு ரிப்பேர் செய்கிறவர்களும் 0 சீரிஸைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள், அத்தனை மெஷின் இந்த ஊரில் ஓடுகிறது. கன்ட்ரோல் மட்டும் மாற்றுகிறேன் என்று ஆரம்பித்தால் மோட்டார், டிரைவ், என்கோடர், லேடர் (டூல் சேஞ்சர் மாதிரி பாகங்களை இயக்க மெஷின் கம்பெனி எழுதிய லாஜிக் ப்ரோக்ராம்) என்று வரிசையாக எல்லாம் மாறும். அப்புறம் அந்த லேடரை எழுதிய ஆள் போனை எடுத்தால்தான் உங்கள் டூல் சேஞ்சர் சுற்றும். பால் ஸ்க்ரூவும் ஸ்பின்டிலும் நன்றாக இருக்கும்வரை நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். ஸ்பின்டில் டிரைவும் ஒரு சர்வோ டிரைவும் அடுத்தடுத்துப் போய், ரிப்பேருக்கும் நிற்கவில்லை என்றால் அன்றைக்கு மறுபடி கணக்குப் போடுங்கள்.

இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. உங்கள் மெஷினின் லேடர் கன்ட்ரோல் போர்டில் ஈப்ராம் சிப்பில் இருக்கிறது. செல் போனாலும் அது அழியாது, ஆனால் அதற்கும் வயசாகிறது. சிப்பின் நடுவில் கண்ணாடி ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது உரிந்திருந்தால் வெளிச்சம் படாத மாதிரி புதுசு ஒட்டுங்கள். போர்டைக் கழற்றத் தெரிந்தவரை வைத்து, அந்தச் சிப்பை யுஎஸ்பி ப்ரோக்ராமரில் ஒருமுறை படித்து ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் செய்த தைவான் கம்பெனி இன்றைக்கு இருக்கிறதா?

கணபதி_ஜாப்ஒர்க்:

இல்லைங்க அய்யா, தேடிப் பார்த்தேன். பேர்கூட வரவில்லை.

ஓய்வுபெற்ற_சர்வீஸ்காரன்:

அப்படியானால் அந்த லேடர் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

கணபதி_ஜாப்ஒர்க்:

எடுத்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று: ட்ரிப் ஃபீடை 4800-லிருந்து 9600-க்கு ஏற்றலாமா?

ஓய்வுபெற்ற_சர்வீஸ்காரன்:

4800-ல் விநாடிக்கு 430 எழுத்து சொச்சம் போகும். குட்டிக் குட்டிப் புள்ளியாக வரும் மோல்டு ப்ரோக்ராமில் மெஷின் திக்கித் திக்கி ஓடினால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றணும், கேபிளும் ஷீல்டு போட்டதாக, வெல்டிங் செட்டுக்குத் தள்ளிப் போக வேண்டும். முதல் ஓட்டத்தை இசட்டைத் தூக்கி வைத்துக் காற்றில் ஓட்டுங்கள். மற்றபடி ஹவுசிங், ஃபிளேஞ்ச் வேலைக்கு 4800-லேயே இருக்கட்டும்.